பிளவுஸ் தைச்சு அலுத்துப்போச்சு, குவில்ட் பக்கம் வரலாமா?

வாசகர் கேள்விகளுக்கு தையல் பக்க பதில்கள்

கேள்வி: அக்கா, டெய்லரிங் கிளாஸ் முடிச்சுட்டு தெருவுல உள்ளவங்களுக்கு பிளவுஸ் தைச்சுக் குடுக்குறேன். கை டைட்டு, கழுத்து லூசுன்னு கேட்டுக் கேட்டு தையலே வெறுத்துப்போச்சு. துணித் துண்டுங்கள சேர்த்து, லேயர் லேயரா வச்சு போர்வையா தைக்கிற குவில்ட் வீடியோ பார்த்தா ஆசையா இருக்கு, ஆனா ரோட்டரி கட்டர் (சக்கரம் மாதிரி உருட்டி துணி வெட்டுற கத்தி), அடியில வைக்கிற மேட், ஸ்கேல்னு விலைய பார்த்தா பகீர்னு இருக்கு. மாமியார் வேற "ஒட்டுப்போட்ட துணிய யாராவது புதுசா தைப்பாங்களா"ன்னு கேக்குறாங்க. எங்க ஆரம்பிக்கலாம்?
- வாசகி, தேனி

பதில்: நானும் அந்த வழியா வந்தவதாம்மா. நூல் கோக்காம பேப்பர்ல ஓட்டிப் பழகுறது, அப்புறம் ஜபலா, உள்பாவாடை, கடைசியா பிளவுஸ்னு அதே வரிசை. பிளவுஸ்ல துணியோட சண்டை கம்மி, போட்டுக்கிற உடம்போடதான் சண்டை பூராவும், தீபாவளிக்கு எடுத்த அளவு பொங்கலுக்கு மாறியிருக்கும், அதுக்கும் நம்மளத்தான் கேப்பாங்க. போர்வைக்கு கையும் கிடையாது கழுத்தும் கிடையாது, அதுக்காகவே எனக்குப் பிடிச்சுப்போச்சு.

ஆனா ஒண்ணு, பிளவுஸ் கை வந்தவங்களுக்கு குவில்ட்ல முதல்ல இடிக்கிறது தையல் விடுற அளவுதான். பிளவுஸ்ல சைடுல ஒரு இன்ச், ஒன்றரை இன்ச் உள்ள விட்டு தைப்போம், பத்தலைன்னா பிரிச்சுக்கலாம்னு ஒரு தைரியம். குவில்ட்ல எல்லா ஓரத்துலயும் கால் இன்ச், அதாவது ரெண்டு நூல் (ஒரு நூல்னா இன்ச்ல எட்டுல ஒரு பங்கு), அவ்வளவுதான். முடிச்சப்புறம் 4 இன்ச் சதுரம் வேணும்னா நாலரை இன்ச்சா வெட்டணும். ஒவ்வொரு தையல்லயும் ஒரு நூல் அதிகமா உள்ள போச்சுன்னு வைங்க, சேர்க்கிற ரெண்டு துண்டுலயும் அது குறையும், எட்டு தையல் தாண்டுறப்ப ஒரு வரிசையே ரெண்டு இன்ச் குறைஞ்சிருக்கும், பக்கத்து வரிசையோட மூலை சேரவே சேராது. அதனால மெஷின் பிளேட்டுல ஊசியிலேர்ந்து கால் இன்ச் தள்ளி ஒரு டேப் ஒட்டி, துணி ஓரம் அதைத் தொட்டே போற மாதிரி ஓட்டுங்க. அயர்ன் பண்றப்ப சட்டைக்குத் தேய்க்கிற மாதிரி இழுத்துத் தேய்க்காதீங்க, வச்சு அழுத்தி எடுங்க, இழுத்தா சதுரம் கோணிக்கும்.

இப்படி அளவு பார்த்து மெஷின்ல தைக்கிறது ரெண்டாவது வேலை. முதல் வேலைக்கு மெஷினே வேணாம், கட்டரும் வேணாம். கர்நாடகாவுல எல்லாப்பூர், ஹளியால், முண்டகோடு பக்கம் சித்தின்னு ஒரு இன மக்கள் இருக்காங்க, ஆப்பிரிக்காவுலேர்ந்து பல தலைமுறைக்கு முன்னாடி வந்தவங்களோட வழி. அங்க பெண்கள் தைக்கிற போர்வைக்கு கவாந்தின்னு பேரு. பெங்களூர்ல ஒரு கைவினைக் கண்காட்சில அதை முதல்ல பார்த்தப்ப அளவும் இல்ல, சதுரம் சதுரமா தைச்சுச் சேர்க்கிற பிளாக்கும் இல்ல, எப்படி இவ்வளவு அழகா வருதுன்னு புரட்டிப் புரட்டிப் பார்த்துட்டு நின்னேன். அடியில ஒரு பழைய புடவை, அதுமேல பழைய துணித் துண்டுங்கள ஓரம் மடிச்சு மடிச்சு வச்சு, வெளி ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சு கையால ஓட்டுத்தையல் போட்டுக்கிட்டே சுத்திச் சுத்தி நடுவுக்கு வர்றாங்க. துண்டை ஒட்டுறதும் அடித்துணியோட சேர்க்கிறதும் ஒரே தையல்ல முடியுது. கடைசில நாலு மூலைக்கும் முக்கோணமா மடிச்ச துணியில பூ மாதிரி ஒண்ணு வைப்பாங்க. முதல் போர்வைக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல. தொட்டில் சைசுல ஒண்ணு போடுங்க. தாம்பூலத்துல வந்து பீரோவுல கிடக்குற பிளவுஸ் பிட்டுங்க இருக்கே, அதுல காட்டன் மட்டும் எடுங்க, பாலியஸ்டர் மடிப்புல நிக்காது. எதுவா இருந்தாலும் ஒரு தடவை துவைச்சுட்டு வெட்டுங்க, சுருங்குறது முன்னாடியே சுருங்கிடட்டும். சிவப்பும் கருநீலமும் சாயம் போகுதான்னு ஈரத்துல வெள்ளைத்துணி வச்சு தேய்ச்சுப் பாக்காம சேர்க்காதீங்க.

மாமியார்கிட்ட அமெரிக்காவுல அலபாமா மாநிலத்துல ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊர் இருக்குன்னு சொல்லுங்க. அங்க கறுப்பினப் பெண்கள் வயல் வேலைக்குப் போட்டுக் கிழிஞ்ச பேண்ட்டையும் சட்டையையும் வெட்டி குளிருக்குப் போர்வை தைச்சாங்க. அதே போர்வைங்கள 2002ல ஹூஸ்டன் மியூசியத்துலயும் நியூயார்க் விட்னி மியூசியத்துலயும் சுவத்துல மாட்டி வச்சாங்க, 2006ல அமெரிக்கத் தபால்தலையிலயும் வந்துச்சு. அவ்வளவு தூரம்கூட வேணாம், நம்ம தேர்ல தொங்குற தொம்பையே துணி மேல துணி வெட்டி வச்சுத் தைக்கிறதுதானே, அதை யாரும் ஒட்டுத்துணின்னு சொல்லலையே! (மாமியார்கிட்ட கேட்டு ஒரு பழைய புடவைய வாங்கி அதையே அடித்துணியா போட்டுடுங்க, அதுக்கப்புறம் வாயே திறக்க மாட்டாங்க.)

கேள்வி: வீட்ல பழைய கால் மெஷின்தான் இருக்கு. மூணு லேயர் வச்சு தைச்சா மேல் துணி தள்ளிக்கிட்டே போய் சுருக்கம் விழுது. மோட்டார் மெஷின் வாங்கணுமா? நடுவுல இலவம் பஞ்சு வைக்கலாமா?
- வாசகி, விருத்தாசலம்

பதில்: வாங்காதீங்க. நேர்த்தையலுக்கு அந்தக் கறுப்பு மெஷின் நல்லாவே உழைக்கும். அடியில இருக்குற பல்லு கீழ்த்துணியத்தான் இழுக்குது, மேல்துணி பின்தங்குது, சுருக்கம் அதனாலதான். மேல இருக்குற ஸ்க்ரூவ லூஸ் பண்ணி ஃபுட்டோட அழுத்தத்தைக் குறைங்க, தையல் நீளத்தைக் கூட்டுங்க, 16ம் நம்பர் ஊசி போடுங்க. தைக்கிறதுக்கு முன்னாடி தரையில விரிச்சு நடுவுலேர்ந்து வெளிய நோக்கி கையகலத்துக்கு ஒரு ஊக்கு குத்துங்க, தையலும் நடுவுலேர்ந்தே ஆரம்பிங்க. இலவம் பஞ்சு வேணவே வேணாம், துவைச்சா ஒரு மூலையில போய் உருண்டுக்கும். நம்ம ஊர் வெயிலுக்கு நடுவுல ஒரு பழைய வேட்டியே போதும், கையால தைச்சாலும் ஊசி சுலபமா இறங்கும்.

கேள்வி: முதல் குவில்ட் முடிச்சுட்டேன், பார்த்தவங்க எல்லாம் விலை கேக்குறாங்க. எவ்வளவு சொல்லலாம்?
- வாசகி, ஆவடி

பதில்: உக்காந்த மணி நேரத்தை எழுதி, பிளவுஸுக்கு மணிக்கு என்ன கிடைக்குதோ அதால பெருக்கி, துணிக்காசையும் கூட்டிப் பாருங்க. அந்தத் தொகைய சொன்னா முக்கால்வாசி பேர் "யோசிச்சு சொல்றேன்"னு போயிடுவாங்க, போகட்டும், அதுக்காகக் குறைக்காதீங்க. ஆர்டர் வேணும்னா சின்னதா குஷன் கவர், பை, குழந்தைத் துணின்னு எடுங்க. பெரிய போர்வைய உங்க வீட்டுக்கே வச்சுக்கோங்க.