காயமே இல்லை, அழற்சி எங்கிருந்து?

கேள்வி: அம்மாவுக்கு 57 வயது. இன்னும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிறார், பிரஷருக்குக் குளிசை எடுக்கிறார். இரத்தம் சோதித்ததில் சி.ஆர்.பி. (அழற்சி இருந்தால் இரத்தத்தில் ஏறும் ஒரு புரதம்) கொஞ்சம் கூட என்று வந்தது. காய்ச்சல் இல்லை, புண் இல்லை. "இரத்தக் குழாய்க்கு வயசானாலும் அழற்சி வரும்" என்றார் டொக்டர். அது எப்படி? அழற்சிக்கு மருந்து வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: டொக்டர் சொன்னது சரிதான் சகோதரி. இரத்தக் குழாயின் உட்பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு கல அடுக்கு. அதில் ஒரு கலம் பழுதானால் பக்கத்துக் கலம் பிரிந்து அந்த இடத்தை நிரப்பும், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. மனிதக் கலங்கள் ஏறக்குறைய 40 முதல் 60 தடவை பிரிந்ததும் நின்றுவிடுவதை ஹேஃபிளிக், மூர்ஹெட் என்ற இருவர் 1961இல் ஆய்வுகூடத்தில் காட்டினார்கள். நின்ற கலம் செத்துத் தொலைந்தால்கூடப் பரவாயில்லை. அது சாகாமல் அங்கேயே கிடந்து, இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருள்களை ஓயாமல் சுரக்கிறது, நன்றாக இருக்கிற பக்கத்துக் கலங்களையும் மூப்படைய வைக்கிறது. இன்டர்லூகின்-6 ஈரலை எட்டினால் ஈரல் சி.ஆர்.பி.யைக் கூடுதலாகச் செய்யும். காயமே இல்லாமல் ரிப்போர்ட்டில் அந்த எண் ஏறுவதற்கு இதுவும் ஒரு வழி.

குழாய்க்குள் நடப்பதையும் சொல்கிறேன். நல்ல கலம் நைத்திரிக் ஒட்சைட்டை வெளிவிட்டுக் குழாயைத் தளர்வாக வைத்திருக்கும். மூத்த கலத்தில் அது குறைந்துவிடும், மேற்பரப்பில் ஒட்டும் புரதங்கள் முளைக்கும். அந்த வழியாக உருண்டு போகிற வெண்குருதிக் கலம் அதில் மாட்டி, நின்று, தட்டையாகி, இரண்டு கலங்களுக்கு நடுவே நுழைந்து சுவருக்குள் போய்விடுகிறது, அங்கே கொழுப்பை விழுங்கி ஊதிப்போய்த் தங்கிவிடுகிறது. மாரடைப்புக்கு அடிபோடும் படிவு இப்படித்தான் தொடங்குகிறது, அதுவும் குழாய் கிளை பிரியும் இடங்களில், இரத்தம் சுழித்து ஓடுவதால், கூடுதலாக.

வயசை மட்டும் குறை சொல்ல முடியாது. கூடின பிரஷர், சீனி வருத்தம், புகையிலை எல்லாமே இந்தக் கலங்களைச் சீக்கிரம் மூப்படைய வைக்கும், லயத்து அறைக்குள் விறகடுப்புப் புகையும் குழாய்க்கு நல்லதல்ல.

மருந்து கேட்டீர்கள். 2017இல், மாரடைப்பு வந்த 10,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், அழற்சியைத் தடுக்கும் ஊசி கொழுப்பைக் குறைக்காமலே மறுபடி மாரடைப்பு வருவதைக் குறைத்தது, ஆனால் தொற்றுநோயால் இறந்தவர்கள் கூடினார்கள். அழற்சி நம்மைக் காக்கிற வேலையும் செய்கிறதே! அதனால் பாமசியில் நீங்களாக எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள், வலிக் குளிசை சில பிரஷரையே கூட்டிவிடும்.

பிரஷர் குளிசை ஒரு நாளும் தவறக்கூடாது. கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் (நாள் சம்பளம்) போய்விடும் என்று எத்தனையோ அம்மாமார் திகதியைத் தள்ளிப்போடுகிறார்கள், எனக்கு அது பெரிய கவலை. கருவாடு, ஊறுகாய், சம்பலில் போடும் உப்பு இவற்றைக் குறையுங்கள்.

அப்புறம், இந்த ஓர் எண்ணை வைத்துக் குழாய்தான் காரணம் என்று முடிவு கட்டவும் வேண்டாம். தடிமன், மூட்டுவாதம், பல் முரசு வீக்கம் எதிலும் சி.ஆர்.பி. ஏறும். எப்போது திரும்பச் சோதிப்பது என்று டொக்டரிடம் கேளுங்கள், அம்மா வெற்றிலை போடுபவரானால் முரசையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.