பாம்பன் கரையில் அம்பாப் பாட்டை ராப் பீட்டில் உட்கார வைப்பது எப்படி?

வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு ராப் பீட்டில் ஒட்டாமல் நழுவுகிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வேகம்தான் காரணம். கரைவலை இழுப்பு அலைக்கு அலை மாறும், பீட் மாறாது.

‘ஏலேலோ ஐலசா’வை மட்டும் தனியாகப் பதிந்து, அழுத்தம் விழும் இடத்தில் கைதட்டிப் பாருங்கள். நிமிடத்துக்கு 90 தாள அடி வேகத்தில், அந்தத் தட்டு ஒவ்வொரு நான்கடிச் சுற்றிலும் (‘பார்’) ஸ்னேர் டிரம் விழும் 2, 4-ஆம் அடிகளில் உட்கார வேண்டும். பிறகு அந்தத் துண்டையே திரும்பத் திரும்ப ஓடும்படி லூப் செய்யுங்கள். 1973-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் பார்ட்டி நடத்திய ஹிப்-ஹாப் முன்னோடி டிஜே கூல் ஹெர்க் வளர்த்த உத்தியும் இதன் மூத்த அண்ணன்தான்: ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, டிரம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளை நீட்டினார்.

இதே வேகத்தில் 16 பார் ராப் சுமார் 43 நொடி. வரிகளைத் திணித்தால் மூச்சு முட்டும்.

கரையேற்றிய வள்ளத்தின் மறைவில் உட்கார்ந்து, மைக்குக்கு ஸ்பாஞ்ச் உறை மாட்டிப் பதியுங்கள். ஆடிக்காற்று நேராக அடித்தால் வரும் ‘டபடப’ எந்த ஃபில்டரிலும் முழுசாகப் போகாது.