உப்பிய பேட்டரியை எக்சேஞ்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள்

மார்த்தாண்டம் அருகிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். இன்வெர்ட்டரையும், தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய பேட்டரியையும் ஒரே கடையில் ஒரே பில்லில் வாங்கினார். கடை ஆளே வந்து பொருத்தினார். 14ஆம் மாதத்தில் பேட்டரி இருபுறமும் உப்பிவிட்டது. ‘ஓவர் சார்ஜ், வாரண்டி பொருந்தாது’ என்று எழுதிக்கொடுத்த பேட்டரி நிறுவனத்தின்மீது வழக்குப் போட விரும்புகிறார்.

கடைக்காரர் பேசிய பேச்சும், சாரல் மழையில் மின்சாரமின்றி நீங்கள் கழித்த இரவுகளும் வருத்தத்திற்குரியவைதான். ஆனால் அவற்றால் வழக்கு நகராது. பேட்டரிக்கு எத்தனை வோல்ட் ஏறியது, அப்படி ஏறும்படி வைத்தவர் யார் என்பது மட்டுமே கேள்வி.

இன்வெர்ட்டர் முதலில் முழு மின்னோட்டத்தைச் செலுத்தும். 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 14.4 வோல்ட்டை எட்டியதும் அதே அழுத்தத்தில் நிறுத்தி மின்னோட்டம் தானாகக் குறைய விடும். நிறைந்த பிறகு 13.5 முதல் 13.8 வோல்ட் வரையிலான ஃப்ளோட் நிலைக்கு, அதாவது ஏறிய சார்ஜை அப்படியே தக்கவைக்கும் நிலைக்கு, இறங்கும். தண்ணீர் ஊற்ற வேண்டிய ட்யூபுலர் பேட்டரிக்கு உச்ச அழுத்தம் சற்றுக் கூடுதல் என்பதால், பல இன்வெர்ட்டர்களின் பின்புறம் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் சிறு சுவிட்ச் இருக்கிறது. அதை ட்யூபுலரில் விட்டு மூடிய பேட்டரியை மாட்டினால், உள்ளே வாயு பெருகி, சூடேறி, பெட்டி உப்பும். நீங்கள் அனுப்பிய படத்தில் அந்தச் சுவிட்ச் ட்யூபுலர் பக்கம்தான் நிற்கிறது. ஆகவே நிறுவனத்தின் கடிதம் உங்களுக்கு எதிரானதன்று. பொருத்தியவரின் சேவைக் குறைபாட்டுக்கு அதுவே சான்று. கடைக்காரரை முதல் எதிர்தரப்பினராகச் சேர்த்து, இரு உற்பத்தியாளர்களையும் உடன் சேருங்கள். விடுபட்டவர்மீது பழி போட்டுத்தான் மற்றவர்கள் தப்பிக்கிறார்கள்.

வழக்கறிஞராக நான் பார்த்தவரை, என் கட்சிக்காரர்கள் தோற்ற இடம் வேறு. கடைக்காரர் ‘பழையதைத் தாருங்கள், புதியதில் கழித்துத் தருகிறேன்’ என்பார். வீட்டில் இருட்டு, இவரும் கொடுத்துவிடுவார். பிறகு நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் முன் நிற்கும்போது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி ஆய்வகத்திற்கு அனுப்பப் பொருளே இருக்காது. இன்னொருவர், தெரிந்த எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சுவிட்சைச் சரியான பக்கம் மாற்றிவிட்டார். அது முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தது என்று கடைக்காரர் சொன்னபோது மறுக்க வழியில்லை. ஆகவே சுவிட்சும் வரிசை எண்களும் தெளிவாகத் தெரியும்படி இன்றே வீடியோ எடுத்துவிட்டு, இணைப்பைக் கழற்றச் செய்து, பேட்டரி, இன்வெர்ட்டர் இரண்டையும் காற்றோட்டமான இடத்தில் அப்படியே வையுங்கள். உப்பிய பேட்டரியில் சோதனைக்காகக்கூட மீண்டும் சார்ஜ் ஏற்றக் கூடாது. அது உயிருக்கு ஆபத்து. சார்ஜ் இல்லாமல் கிடக்கும் பேட்டரி தானாகவும் கெடும் என்பதால், வழக்குத் தொடர இரண்டாண்டு அவகாசம் இருக்கிறதென்று காத்திராமல், மனுவுடனேயே ஆய்வுக்கும் விண்ணப்பியுங்கள்.

ஆய்வு தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிட நீளும். எனவே நோட்டீஸ் கிடைத்த பின் கடைக்காரர் பேட்டரி விலையில் பாதியைத் தர முன்வந்தாலும் ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் தொகை கைக்கு வந்து, சமரசம் கையெழுத்தான பிறகே பழைய பேட்டரி உங்கள் வாசலைத் தாண்ட வேண்டும்.