கோச்சின் எழுத்து வேலையைக் குறைப்பது எப்படி?

பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்குகிறவர்களிடமிருந்தும் அவர்களிடம் பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோரிடமிருந்தும் வந்த கேள்விகள் இவை. ஆளுக்கு ஆள் வேறு வேறு மாதிரிக் கேட்டிருந்தாலும் விசயம் ஒன்றுதான், மைதானத்தில் போக வேண்டிய நேரம் போனிலும் படிவங்களிலும் போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இதழில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணா, பகலில் கம்பனி வேலை, கிழமைக்கு மூன்று நாள் பின்னேரம் 12, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். பயிற்சியை விட போன் பார்க்கிற வேலைதான் கூட. இன்றைக்குப் பிராக்டிஸ் இருக்கா, சப்பாத்து எங்கே வாங்குவது, காசு போட்டோம் பார்த்தீர்களா, என் மகனை ஏன் மட்ச்சில் போடவில்லை என்று இரவு 11 மணிக்கும் மெசேஜ் வருகிறது. விட்டுவிடலாமா என்று இருக்கிறது. (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: விடாதீர்கள். வேலை முடிந்து வந்து, களைப்போடு பிள்ளைகளுக்காக மைதானத்தில் நிற்கிற ஆட்கள் நமக்கு அதிகம் இல்லை.

ஒரு கிழமை வந்த மெசேஜ்களைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். அதில் கோச் மட்டுமே பதில் சொல்லக்கூடியவை எவை? யாரை எந்த இடத்தில் விளையாட விடுவது, ஒரு பிள்ளைக்கு அடுத்து என்ன பழக்குவது, கால் நோகிறது என்றவனை ஓட விடுவதா இல்லையா. அவ்வளவுதான். நேரம், இடம், காசு, ஜேர்சி, வேன் எல்லாம் உங்கள் தலையில் விழுவதற்குக் காரணம் வேறு யாரிடம் கேட்பது என்று பெற்றோருக்குத் தெரியாததுதான். ஆகவே ஆப் தேடுவதற்கு முன்னால் ஒரு ஆளைத் தேடுங்கள். ஒவ்வொரு வயதுப் பிரிவுக்கும் பெற்றோரில் ஒருவர் டீம் மனேஜர், அவருடைய நம்பர்தான் எல்லாரிடமும் இருக்க வேண்டிய நம்பர். ஒன்றை மட்டும் முதல் நாளே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள்: டீம் தெரிவில் மனேஜருக்கு ஒரு சொல்லும் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அவருடைய பிள்ளை விளையாடினாலும் பேச்சு வரும், விளையாடாவிட்டாலும் பேச்சு வரும்.

வட்ஸ்அப்பில் இரண்டு குரூப் போதும். ஒன்றில் அட்மின்மார் மட்டும் எழுதும்படி செட்டிங்ஸை மாற்றிவிடுங்கள், நேரமும் இடமும் அதில் மட்டும் வரட்டும். மற்றது பெற்றோர் தங்களுக்குள் பேசிக்கொள்ள, அதில் நீங்கள் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சனிக்கிழமை மட்ச் என்றால் புதன்கிழமை மனேஜர் அந்த இரண்டாவது குரூப்பில் ஒரு போல் (வாக்கெடுப்பு) போடட்டும்: வருவார், வரமாட்டார், வேன் வேண்டும். யார் எதைத் தொட்டார்கள் என்று பெயரோடு தெரியும், ஒவ்வொருவருக்கும் கோல் எடுத்துக் கேட்கிற வேலை முடிந்தது. முதல் குரூப்பில் வேன்கார அண்ணாமாரையும் சேர்த்துவிடுங்கள். கொழும்பில் பாதிப் பிள்ளைகள் வேனில்தான் வருகிறார்கள், அம்மா அப்பா இருவருமே ஒபிஸில் இருக்கும்போது நேரம் மாறியது தெரிய வேண்டியவர் அவர்தான்.

மழைக்கு ஒரு நிரந்தர விதி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பகல் வெயிலாக இருந்து இரண்டு மணிக்கு வானம் இருட்டும், உடனே எல்லா வீட்டிலிருந்தும் ஒரே கேள்வி வரும். "2.30க்குள் குரூப்பில் அறிவித்தல் இல்லையென்றால் பயிற்சி உண்டு" என்று ஒருமுறை சொல்லி, அதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிக் குரூப்பில் பின் பண்ணி வையுங்கள். அப்புறமும் கேட்கிறவர்களுக்குப் பதில் போடாதீர்கள். முதல் இரண்டு கிழமை கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பிறகு பழகிவிடும். மகனை ஏன் போடவில்லை என்ற கேள்விக்குப் போனில் பதில் வேண்டாம், மாதத்தில் ஒரு நாள் பயிற்சி முடிந்து கால் மணி நேரம் பெற்றோருக்கென்று ஒதுக்கி நேரில் பேசுங்கள்.

கேள்வி: மகள் வலைப்பந்தாட்டம் பழகுகிறாள். ஒவ்வொரு டூர்னமென்ட்டுக்கும் பிறப்பத்தாட்சிப் பத்திரம் போட்டோ கொப்பி எடுத்துக் கொடுக்கிறோம், போன முறை குரூப்பிலேயே படம் எடுத்துப் போடச் சொன்னார்கள். இப்போது எல்லாப் பிள்ளைகளுடைய பத்திரமும் அதில் கிடக்கிறது. இது சரியா? (ஒரு அம்மா, கொட்டாஞ்சேனை)

பதில்: சரியே இல்லை. அந்தப் பத்திரத்தில் பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த இடம், தாய் தகப்பன் விபரம் எல்லாம் இருக்கிறது, குரூப்பில் போட்டால் அது எத்தனை போன்களில் போய்த் தங்கும் என்று யாருக்கும் தெரியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பற்றிய தரவை விசேட வகைத் தரவுகளில் சேர்த்திருக்கிறது. கோச்சிடம் சண்டைக்குப் போக வேண்டாம், மற்ற அம்மாமாரையும் சேர்த்துக்கொண்டு அந்தப் படங்களை எல்லாரும் அழித்துவிடும்படி கேளுங்கள்.

கோச்மாருக்கு இதில் நான் சொல்வது: வருடத்தில் ஒருமுறை கேளுங்கள், ஒரே இடத்தில் வையுங்கள். ஜனவரியில் ஒரு கூகுள் போம். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பாடசாலை, பெற்றோர் இருவரின் நம்பர், அவசரத்துக்கு வேறொருவரின் நம்பர், ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை ஏதும் உண்டா, பிள்ளையைக் கூட்டிப்போக யார் வருவார். இதற்கு மேல் கேட்காதீர்கள், தேவையில்லாத விபரத்தைச் சேர்த்தால் அதைக் காப்பாற்றுகிற வேலையும் உங்களுக்குத்தான். போமில் பத்திரத்தை அப்லோட் பண்ணும்படியும் வைக்க வேண்டாம், அப்படி வைத்தால் பெற்றோர் கூகுள் கணக்கில் லொகின் பண்ண வேண்டி வரும், பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். பதிலாக, பயிற்சிக்கு வரும் நாளில் மூலப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்லி மனேஜர் கண்ணால் பார்த்து, பட்டியலில் "பார்த்தாயிற்று" என்று திகதி போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கொப்பி கட்டாயம் கேட்கிற டூர்னமென்ட்டுக்கு மட்டும் கொப்பி வாங்குங்கள், அதையும் கையில் வாங்குங்கள்.

வயது என்று ஒரு கட்டம் வைக்கவே வேண்டாம். மெய்வல்லுநருக்கு 14, 16, 18, 20, பாடசாலைக் கிரிக்கெட்டுக்கு 13, 15, 17, 19 என்று பிரிவுகள் வேறு, எந்தத் திகதியில் வயதைக் கணக்கெடுப்பது என்பதும் போட்டிக்குப் போட்டி மாறும். பிறந்த திகதி இருந்தால் போதும், மற்றதை அந்தப் போமின் பதில்கள் வந்து சேரும் கூகுள் ஷீட் கணக்குப் பார்த்துக்கொள்ளும். அதையும் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 03/04 என்று எழுதினால் அது மார்ச்சா ஏப்ரலா என்று பிறகு வீடு வீடாகக் கேட்க வேண்டி வரும்.

கேள்வி: பாடசாலையில் மெய்வல்லுநர் அணிக்குப் பொறுப்பாசிரியை. வலயம், மாகாணம், அகில இலங்கை என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் அதே பிள்ளைகளின் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதுகிறேன், ஒவ்வொரு தடவையும் ஒரு பெயராவது பிழைத்துவிடுகிறது. (பம்பலப்பிட்டி வாசகி)

பதில்: இது நம்முடைய பிள்ளைகளுக்குக் கூடுதலாக இருக்கிற பிரச்சினை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பல பிள்ளைகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் தமிழில் இருக்கும், போட்டிப் படிவம் ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில் இருக்கும். கஜேந்திரனுக்கு ஒரு வருடம் "கே" எழுத்து, அடுத்த வருடம் "ஜி" எழுத்து. ஒரு படிவத்தில் தகப்பன் பெயர் முன்னால் முழுதாக, இன்னொன்றில் ஒற்றை முதலெழுத்தாக. மைதானத்தில் நம்பர் குத்திக்கொண்டு, ஓடத் தயாராக நிற்கிற பிள்ளையின் பெயர் பட்டியலில் இல்லை என்று ஒரு அதிகாரி சொல்ல, ஆசிரியை கோப்பைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு மேசை ஓட, அந்தப் பிள்ளை ஓடுவதற்கு முன்பே பாதி களைத்துவிடுகிறது. அதோடு முடிவதும் இல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு விளையாட்டில் திறமை காட்டியவர்களுக்கு விசேட அனுமதி முறை ஒன்றை வைத்திருக்கிறது, அந்த நேரம் சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் ஒரு பெயரும் இருந்தால் இருவரும் ஒருவரே என்று காட்டக் கடிதம் கடிதமாக அலைய வேண்டியது பிள்ளைதான்.

ஆகவே வருட ஆரம்பத்தில் ஒரு மூலப் பட்டியல் செய்யுங்கள். சேர்விலக்கம், தமிழில் முழுப்பெயர், ஆங்கிலத்தில் முழுப்பெயர், முதலெழுத்துகளோடு பெயர், பிறந்த திகதி. ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பிள்ளையிடம் வாய்மொழியாகக் கேட்காதீர்கள். அடையாள அட்டையோ பாஸ்போர்ட்டோ இருந்தால் அதில் உள்ளபடி, இல்லையென்றால் பாடசாலைச் சேர்வுப் பதிவில் உள்ளபடி எழுதி, வீட்டுக்கு அனுப்பிப் பெற்றோரின் கையொப்பம் வாங்குங்கள். சிங்களத்திலும் ஒரு நிரல் வைத்து, சிங்களம் தெரிந்த ஒரு ஆசிரியரிடம் ஒரே தடவையில் எழுதுவித்துவிட்டால் படிவம் வந்த அன்று இரவு ஆள் தேட வேண்டாம். அதிபரின் கையொப்பமும் முத்திரையும் அந்த மூலப் பட்டியலுக்கு ஒருமுறை. போட்டிப் படிவத்துக்குத் தனியாக அதிபர் ஒப்பமிடத்தான் வேண்டும், ஆனால் அவருக்கும் சரிபார்க்க ஒரு ஆதாரம் கையில் இருப்பதால் படிவம் மேசையில் கிடக்காது. அதற்குப் பிறகு எந்தப் படிவம் வந்தாலும் பட்டியலிலிருந்து கொப்பி பண்ணி ஒட்டுவதுதான், ஒரு எழுத்தையும் கையால் திரும்ப அடிக்காதீர்கள்.

மைதானம் கேட்டு எழுதுகிற கடிதமும் இப்படித்தான், கிழமைக்குக் கிழமை எழுதாமல் ஒரு தவணைக்குரிய எல்லாத் திகதிகளையும் போயா, விடுமுறை நாட்களைக் கழித்து ஒரே கடிதத்தில் கேளுங்கள்.

கேள்வி: ஸ்பொண்ட், டீம்ஸ்னாப் மாதிரி அணிகளை நடத்த உதவுகிற ஆப்கள் இருக்கின்றனவே, அவற்றில் ஒன்றைப் போட்டால் எல்லாம் தீருமா? (தெஹிவளை வாசகர்)

பதில்: நல்ல ஆப்கள்தான், பெரிய கழகம், பத்துப் பதினைந்து அணிகள் என்றால் பாருங்கள். ஒரு அணி, இரண்டு அணி வைத்திருப்பவருக்கு எல்லா வீட்டிலும் ஏற்கெனவே இருக்கிற வட்ஸ்அப்பும் ஒரு ஷீட்டும் போதும். பாஸ்வேர்ட் மறந்த அப்பாமாருக்கு உதவுவது இன்னொரு வேலையாகிவிடக் கூடாது.

கேள்வி: நான் ஒன்றுமே எழுதி வைப்பதில்லை. 26 பிள்ளைகள், எல்லாரையும் முகம் தெரியும், எல்லாம் தலையில் இருக்கிறது. வேறு என்ன வேண்டும்? (மட்டக்குளி, இளம் கோச் ஒருவர்)

பதில்: தம்பி, இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எழுத்து வேலை குறைய வேண்டும் என்று இவ்வளவும் எழுதுவதே கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு தாள் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்தத் தாளில் ஒவ்வொரு பிள்ளையின் பெயர், வீட்டாரின் போன் நம்பர் இரண்டு, நோய் அல்லது ஒவ்வாமை. அச்சடித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, விசிலோடு பையில் வையுங்கள். போனில் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள், சார்ஜ் போனால் ஒன்றும் இல்லை. ஒரு பிள்ளை மூச்சுத் திணறி விழுந்தால் 1990க்கு எடுக்கிறோம், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், ஆனால் வருகிறவர் கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று ஏற்கெனவே ஏதும் வருத்தம் உண்டா என்பதுதான். தலையில் உள்ளது அந்தப் பதற்றத்தில் நினைவுக்கு வராது. அதோடு அன்றைக்குச் சுகமில்லாமல் வீட்டில் இருப்பவர் நீங்கள் என்றால்? உங்களுக்குப் பதிலாக நிற்கிற ஆளுக்கு உங்கள் தலையைக் கொடுக்க முடியாதே.

வரவு இடாப்பும் வேண்டும், ஆனால் 26 பேருக்கும் அடையாளம் போட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். வராதவர்களின் பெயரை மட்டும் குறியுங்கள், அரை நிமிட வேலை. 15 வயதுக்கு மேற்பட்ட அணி என்றால் கப்டனே குறிக்கலாம். தொடங்கும்போதும் முடியும்போதும் தலை எண்ணுவது மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும், அதை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவன். பேரன் கிரிக்கெட் பழகுகிறான். கோச் தம்பி பயிற்சி முடிந்தும் இருட்டும் வரை ரிசீட் எழுதிக்கொண்டு நிற்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. எனக்கு விளையாட்டு ஒன்றும் தெரியாது, ஏதாவது செய்யலாமா? (கொள்ளுப்பிட்டி வாசகர்)

பதில்: ஐயா, உங்களைப் போல ஒருவரைத்தான் இந்தக் கோச்மார் எல்லாரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். காசுக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். மாதக் கட்டணத்தைத் தவணைக் கட்டணமாக மாற்றலாம், வருடத்துக்கு மூன்று தவணை: 30 பிள்ளைகளுக்கு வருடத்தில் 360 ரிசீட் எழுதுகிற இடத்தில் 90 போதும். வங்கியில் போடுபவர்கள் குறிப்பில் பிள்ளையின் பெயரையும் தவணையையும் போட வேண்டும் என்று சொல்லிவிட்டால், யாருடைய காசு என்று தெரியாமல் சிலிப் படங்களைத் தேடுகிற வேலையும் நிற்கும். ஒரு தவணைக் காசை ஒன்றாகக் கட்ட முடியாத வீடுகள் இருக்கும், நாட்சம்பளத்தில் ஓடுகிற வீடுகள். அவர்கள் மாதம் மாதமே கட்டட்டும், அது உங்களுக்கும் அவர்களுக்கும் மட்டும் தெரிந்தால் போதும். யார் கட்டவில்லை என்ற பட்டியல் கோச்சின் கைக்குப் போகவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. தெரிந்தால் அவருக்கே தெரியாமல் முகத்தில் வந்துவிடும், பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அடுத்த கிழமை அந்தப் பிள்ளை வராது.

கோச்சிடம் போய் "உதவி வேணுமா தம்பி" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், கூச்சத்தில் வேண்டாம் என்றுதான் சொல்வார். "அடுத்த தவணைக் காசை நான் சேர்த்து எழுதுகிறேன், ரிசீட் புத்தகத்தை இங்கே தாங்கோ" என்று கையை நீட்டுங்கள்.