பள்ளத்தின் விளிம்பில் ஓர் இரவு

கேள்வி: நானும் கணவரும் தான்சானியா போகிறோம். ங்கோரோங்கோரோ பள்ளத்தின் விளிம்பில் இருக்கும் சொகுசு விடுதிக்கு அவ்வளவு பணம் கொடுக்கலாமா? (வாசகி, கோவை)

பதில்: ஓர் இரவுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். எரிமலை உள்வாங்கி உண்டான பள்ளம் அது. சுமார் 600 மீட்டர் ஆழம், அடித்தளம் மட்டும் ஏறக்குறைய 260 சதுர கிலோமீட்டர். கீழே விடுதி கிடையாது. விளிம்பில் தங்கினால் விடிந்ததும் இறங்கிவிடலாம். கறுப்புக் காண்டாமிருகத்தைத் தேட நேரம் கிடைக்கும். நான் பார்த்தது தூரத்தில் ஒரு சாம்பல் புள்ளிதான். அதற்கே கண் கலங்கிவிட்டது. ஒட்டகச்சிவிங்கியைப் பள்ளத்துக்குள் தேடாதீர்கள், அங்கே இருக்காது.

விளிம்பு கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல். ஆப்பிரிக்காதானே என்று பருத்திச் சட்டையோடு போய், ஜூலை இரவில் நடுங்கிப் போனேன். நல்லவேளை, போர்வைக்குள் வெந்நீர்ப் பை வைத்திருந்தார்கள். கம்பளிச் சட்டை கட்டாயம். சாப்பிட்டு அறைக்குத் திரும்பும்போது காவலாளி டார்ச்சோடு கூடவே வந்தார். புல்தரையில் காட்டெருமை மேய்ந்துகொண்டிருந்தது. இருட்டியபின் அவர் இல்லாமல் ஓரடிகூட வைக்காதீர்கள்.

அப்புறம், பள்ளம் தெரியும் அறைதானா என்று முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள்.