வெங்காயம் உரிக்கும் கருவிக்கு மோல்டு போடலாமா?

கேள்வி: வீட்டு உபயோகத்துக்குச் சின்ன வெங்காயம் உரிக்கும் கருவி ஒன்றை வடிவமைத்திருக்கிறேன். கூகுள் ஃபார்மில் நானூறு பேரிடம் கேட்டதில் பத்துக்கு ஒன்பது பேர் 'வாங்குவோம்' என்றார்கள். இந்தச் சந்தை ஆய்வை நம்பி மோல்டு (பாகங்களை வார்க்கும் அச்சு) போடலாமா?

போடாதீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்ததும் ஒரு சந்தை ஆய்வு ஏஜென்சியில் சேர்ந்து, திருச்சி, மதுரைப் பக்கம் ஐந்து வருடம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். அப்புறம் கோயம்புத்தூரில் டேபிள் டாப் கிரைண்டர் செய்யும் ஒரு சின்ன கம்பெனிக்குப் போனேன். முதல் வேலையில் மூட்டை மூட்டையாக நான் கட்டிக்கொண்டு வந்த 'வாங்குவேன்'களுக்கு என்ன மதிப்பு என்பது இரண்டாவது வேலையில்தான் புரிந்தது.

ஏஜென்சியில் ஒரு அட்டை கொடுத்து அனுப்புவார்கள். புதுப் பொருளின் படத்தைக் காட்டி, விலையைச் சொல்லி, அட்டையை நீட்ட வேண்டும். 'கண்டிப்பாக வாங்குவேன்' என்பதிலிருந்து 'கண்டிப்பாக வாங்க மாட்டேன்' வரை ஐந்து விடை, ஐந்து நம்பர். ஒரு மே மாத மதியம் திருவெறும்பூரில் ஒரு வீட்டு வாசலில் நின்றேன். அந்த அம்மா, "வெயில்ல நிக்காதீங்க தம்பி, உள்ள வாங்க" என்று ஃபேனைப் போட்டுவிட்டு, சொம்பில் மோர் கொண்டுவந்து வைத்தார். குடித்து முடித்து அட்டையை நீட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஐந்து வரியையும் நிதானமாகப் படித்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்: "எந்த நம்பரைச் சொன்னா உங்களுக்கு உபயோகமா இருக்கும் தம்பி?"

நம் ஊரில் வீட்டுக்கு வந்தவரை முகத்துக்கு நேரே 'வேண்டாம்' என்று சொல்லி அனுப்ப யாருக்கு மனசு வரும்? எங்கள் சூப்பர்வைசர்களுக்கும் இது தெரியும். அதனால் 'அநேகமாக வாங்குவேன்' என்ற இரண்டாம் நம்பரைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். முதல் நம்பரையும் அப்படியே எடுக்காமல் குறைத்துத்தான் எழுதுவார்கள். உங்கள் ஃபார்மை யார் யார் நிரப்பியிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். வாட்ஸப் குரூப்பில் இருக்கும் சித்தி, கல்லூரி நண்பன், அலுவலகத்தில் பக்கத்து சீட்காரர். 'வாங்குவேன்' என்று ஒரு தட்டுத் தட்ட அவர்களுக்குக் காசா பணமா?

நிறைய பேரிடம் கேட்டால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். 1985-இல் கோகோ கோலா கம்பெனி ஏறக்குறைய இரண்டு லட்சம் பேருக்குக் குடிக்கக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பழைய ருசியை மாற்றியது. ஏப்ரல் 23-ஆம் தேதி புது கோக் வந்தது. ஜனங்கள் கொதித்துப் போனார்கள். 79 நாளில் பழையதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. 'எது ருசி?' என்ற கேள்விக்குப் பதில் சரியாகத்தான் வந்திருந்தது. 'இதுவரை குடித்ததை எடுத்துவிடட்டுமா?' என்பது முற்றிலும் வேறு கேள்வி.

சரி, கிரைண்டர் கதைக்கு வருகிறேன். நான் சேர்வதற்கு முன்பே அந்தக் கம்பெனியில் ஒரு சர்வே எடுத்திருந்தார்கள். என்ன வசதி வேண்டும் என்று கேட்டால் சொல்லாமல் இருப்பார்களா? தேங்காய் துருவி இருந்தால் நல்லது, சப்பாத்தி மாவு பிசைய ஒன்று இருந்தால் நல்லது என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். முதலாளியும் இரண்டுக்கும் தனித்தனியாக மோல்டு போட்டு, டப்பாவுக்குள் வைத்து விற்றார்.

சேர்ந்த புதிதில் சர்வீஸ் மெக்கானிக் அண்ணனோடு அவருடைய டிவிஎஸ் வண்டியில் இரண்டு மாதம் சுற்றினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஏஜென்சியில் ஐந்து வருடத்தில் கற்றதை விட அந்த இரண்டு மாதத்தில் கற்றது அதிகம். பெல்ட் மாற்றப் போகும் வீட்டிலெல்லாம், "அந்தத் தேங்காய் துருவி எங்கம்மா?" என்று கேட்பேன். கொஞ்ச நேரம் யோசிப்பார்கள். பரண் மேலிருந்து இறங்கி வரும், பாலிதீன் கவர் கூடப் பிரிக்காமல். "டிரம்மைக் கழுவி வைக்கறதே ஒரு வேலை. இதுல இதையும் மாட்டி, கழட்டி, பல்லு பல்லா கழுவணுமா? அருவாமனைல ரெண்டு நிமிஷத்துல துருவிட்டுப் போறேன்" என்றார் ஒரு அம்மா. சர்வேயில் 'நல்லது' என்று சொன்னவர்களில் இவரும் ஒருவராக இருந்திருக்கலாம். பொய் சொல்லவில்லை. இருந்தால் நல்லதுதானே?

அதே சுற்றலில் பீளமேட்டில் ஒரு லைன் வீட்டுக்குப் போனோம். சமையலறையில் இருந்த ஒரே பிளக் பாயிண்ட் மேடைக்கு மேலே, மிக்ஸி பக்கத்தில். கிரைண்டர் தரையில். கல்லோடு சேர்த்துத் தூக்கி மேடையில் வைக்க அந்த அக்காவுக்கு முடியாது. ஒயர் எட்டாததால் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தொங்கவிட்டு, ஈரத் தரையில் படாமல் இருக்க அதை ஒரு கவிழ்த்த டப்பாவின் மேல் வைத்திருந்தார். கிரைண்டருக்கு அடியில் நாலாக மடித்த பழைய துண்டு. எதற்கு என்று கேட்டேன். விடிகாலை ஐந்து மணிக்கு மாவு ஆட்டுவாராம், சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடுகிறதாம். "கிரைண்டர்ல ஏதாவது குறை இருக்காக்கா?" என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் ஓடுது" என்றார்.

டப்பா மேல் உட்கார்ந்திருந்த அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் மடித்துப் போட்ட துண்டும்தான் எனக்குச் சந்தை ஆய்வு. மனுஷர்கள் ஒரு தொல்லைக்குத் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்துப் பழகிவிட்டால், அதைத் தொல்லை என்று சொல்லவே தோன்றாது. அடுத்த மாடலில் ஒயரை நீளமாக்கினோம், அடியில் தடிமனான ரப்பர் கால் வைத்தோம். சர்வேயில் ஒருவர் கூட இந்த இரண்டையும் கேட்டிருக்கவில்லை.

இதை முறையாகவும் பிடிக்கலாம். ஜப்பானியப் பேராசிரியர் நோரியாகி கானோ 1984-இல் ஒரு வழி சொன்னார். ஒவ்வொரு வசதியைப் பற்றியும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: இது இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? இல்லாவிட்டால் எப்படி இருக்கும்? தேங்காய் துருவியை வைத்து இதைக் கேட்டிருந்தால், முதல் கேள்விக்கு 'நல்லது', இரண்டாவதுக்கு 'பரவாயில்லை' என்று வந்திருக்கும். அந்தப் 'பரவாயில்லை'யைக் காதில் வாங்கியிருந்தால் முதலாளிக்கு இரண்டு மோல்டு காசு மிச்சம்.

எத்தனை வீடு பார்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். நானூறு வேண்டாம். அபி கிரிஃபின், ஜான் ஹவுசர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1993-இல் இதையே கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஒரே மாதிரி வாடிக்கையாளர்களில் 20, 30 பேரிடம் தனித்தனியாக உட்கார்ந்து பேசினாலே தேவைகளில் பத்துக்கு ஒன்பது வெளியே வந்துவிடும் என்பது அவர்கள் கண்டது. நானூறு பேர் தேவைப்படுவது அதற்கு அப்புறம், எந்தத் தேவை எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று எண்ணும்போது. நீங்கள் முதல் படியைத் தாண்டிக் குதித்து இரண்டாவதில் நிற்கிறீர்கள்.

காசு விஷயத்தையும் இதோடு சேர்த்தே பாருங்கள். கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் போட நினைத்தபோது ஷாம்பூ இந்த ஊருக்குப் புதிதில்லை. பாட்டில் கடையில்தான் இருந்தது. தினக்கூலி வாங்குபவர் கையில் ஒரு பாட்டிலுக்கான காசு மொத்தமாக ஒருநாளும் இருக்காது, அவ்வளவுதான். அவருடைய மகன் ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். ஷாம்பூவே போடாத கிராமங்களுக்குப் போய், ஆட்களைக் கூப்பிட்டு எல்லோரும் பார்க்கத் தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். அதை எல்லோரும் விற்பனைத் தந்திரமாகப் பேசுவார்கள். எனக்கு அது ஆய்வாகவும் தெரிகிறது. எந்தத் தெருவில் யார் எதைத் தேய்த்துக் குளிக்கிறார்கள் என்பது காலிப் பாக்கெட்டாகவே கடைக்கு வந்து சேர்கிறதே! ஃபார்மில் யாரும் இவ்வளவு நேர்மையாக நிரப்ப மாட்டார்கள்.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. கோத்ரெஜ் கம்பெனி சோட்டுகூல் என்று ஒரு குட்டிக் குளிர்பெட்டி கொண்டுவந்தது. மகாராஷ்டிராவில் கிராமத்துப் பெண்களைக் கூட்டிவைத்துப் பேசி, அவர்கள் சொன்னதைக் கேட்டு வடிவமைத்தார்கள். கம்ப்ரஸர் கிடையாது, எட்டுக் கிலோவுக்கும் குறைவான எடை, மேல்பக்கம் திறக்கும் மூடி, கரண்ட் போனால் பேட்டரியிலும் ஓடும், விலை நாலாயிரத்துக்குள். ஆய்வில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இருந்தும் நினைத்த அளவுக்குக் கிராமத்தில் போகவில்லை. பிற்பாடு நகரத்துக்காரர்கள் காரில் வைத்துக்கொள்ளும் பொருளாக அதை விற்றார்கள். என் ஊகம் இது: மூவாயிரத்து சொச்சம் ரூபாய் கையில் சேரும்போது, அந்த வீட்டில் அதற்கு முன்னால் நாலு செலவு வரிசையில் நிற்கும். இன்னும் கொஞ்சம் சேர்த்தால் நிஜ ஃபிரிட்ஜே வாங்கலாமே என்ற நினைப்பும் வரும். பொருள் பிடித்திருக்கிறதா என்று கேட்பதோடு, அந்தக் காசு இதற்குப் போகாவிட்டால் வேறெதற்குப் போகும் என்றும் கேட்க வேண்டும்.

இனி உங்கள் வெங்காயம். 'உரிப்பது கஷ்டமா?' என்று கேட்காதீர்கள். கஷ்டம் என்றுதான் சொல்வார்கள். 'கடைசியாக எப்போது உரித்தீர்கள்? எத்தனை? யார் உரித்தது? எங்கே உட்கார்ந்து?' என்று கேளுங்கள். என் யூகத்தில் சாம்பாருக்கு ஒரு கைப்பிடிதான் வரும். அதையும் பாட்டியோ மாமியாரோ சீரியல் பார்த்துக்கொண்டே, தண்ணீரில் ஊறப்போட்டு உரித்துவிடுவார்கள். பதினைந்து வெங்காயத்துக்காக ஒரு கருவியை எடுத்து, தோல் அடைத்ததைக் குத்தி எடுத்துக் கழுவி வைக்க வேண்டுமென்றால் அது எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்கே தெரியும். உரித்த வெங்காயத்தைப் பாக்கெட்டில் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் யார் என்று காய்கறிக் கடையில் நின்று பாருங்கள். அவர்கள் ஏற்கெனவே இந்தத் தொல்லைக்குப் பணம் கொடுப்பவர்கள். மெஸ் நடத்துபவர்களையும் விசேஷத்துக்குச் சமைப்பவர்களையும் போய்ப் பாருங்கள். ஒரு நாளைக்குப் பல கிலோ உரிப்பவருக்கு வேண்டிய கருவியும் உங்கள் கையில் இருப்பதும் ஒன்றாக இருக்காது. ஒருவேளை நீங்கள் செய்ய வேண்டியதே அதுதானோ என்னவோ.

அதற்கு அப்புறமும் வீட்டுக்கான கருவிதான் என்று தோன்றினால், லேத் பட்டறையில் சொல்லியோ 3டி பிரிண்ட் எடுத்தோ இருபது மட்டும் செய்யுங்கள். சும்மா கொடுக்காதீர்கள், அடக்க விலையாவது வாங்குங்கள். சித்திக்கும் நண்பனுக்கும் வேண்டாம், தெரியாதவர்களுக்கு விற்றுவிட்டு ஒரு மாதம் அந்தப் பக்கமே போகாதீர்கள். பிறகு ஒருநாள் சொல்லாமல் போய், எப்படி இருக்கிறது என்று எதுவும் விசாரிக்காமல், "அதைக் கொஞ்சம் எடுங்களேன்" என்று மட்டும் சொல்லுங்கள். வெங்காயக் கூடைக்குள்ளிருந்து கை அதை எடுக்கிறதா, ஸ்டூல் போட்டுப் பரணில் தேடுகிறார்களா என்று இருபது வீட்டிலும் எண்ணிக்கொண்டு வாருங்கள். அந்த எண்ணிக்கையை இங்கே போடுங்கள், மோல்டைப் பற்றி அப்போது பேசலாம்.