போனில் ஒரு படம், கையில் காடா துணி: தையல் கேள்வி பதில்

பாளையங்கோட்டையில் 23 வருஷமாகத் தைக்கிறேன். முன்பெல்லாம் அளவு ரவிக்கையோடு வருவார்கள். இப்போது போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும்க்கா" என்கிறார்கள். படத்தில் இருப்பது பெரும்பாலும் பாரிஸிலோ இத்தாலியிலோ தைத்த உடை. அதை நான் தைத்துத் தருவதைவிட, அவர்களே தைத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லித் தருவதில்தான் எனக்குச் சந்தோஷம். அதனால் கேள்விகளை எழுதித் தரச் சொன்னேன். வந்தவற்றில் பலருக்கும் உதவக்கூடியவை இவை.

கல்லூரி மாணவி, வள்ளியூர்: அக்கா, என்னிடம் படம் மட்டும்தான் இருக்கிறது. வெட்டுவதற்கான பேட்டர்ன் (காகித அச்சு) கிடையாது. எங்கே ஆரம்பிப்பது?

நிறத்தையும் பூவையும் முதலில் மறந்துவிடு தங்கச்சி. தையல் எங்கெங்கே ஓடுகிறது என்று பார். தோள் தையல் தோள் உச்சியில் இருக்கிறதா, முன்பக்கம் இறங்கியிருக்கிறதா? இடுப்பில் துணி ஒட்டி நிற்கிறது என்றால் அதைப் பிடித்திருப்பது டாட்டா (உடம்பின் வளைவுக்காகத் துணியை ஆப்பு மாதிரி மடித்துத் தைப்பது), சுருக்கா, தனித்தனித் துண்டாக இணைத்த பேனலா? உடம்பைவிட்டு விறைப்பாகத் தள்ளி நின்றால் உள்ளே கேன்வாஸோ நெட்டோ இருக்கிறது. உடம்போடு வழிந்தால் கிராஸில், அதாவது நூலுக்குச் சாய்வாக, வெட்டியிருக்கிறார்கள். பின்பக்கப் படத்தையும் தேடி எடு. ஜிப் எங்கே என்று தெரியாமல் கத்திரியைத் தொடாதே.

அப்புறம் காடா துணி. பாரிஸின் பெரிய தையல்கூடங்களில் எந்தப் புது உடையையும் மலிவான பருத்தித் துணியில் ஒரு தடவை வெட்டி, ஊசி குத்தி, அதிலேயே கோடு போட்டுத் திருத்திய பிறகுதான் நல்ல துணிக்குப் போவார்கள். நமக்கு அந்த வேலைக்குக் காடா போதும்.

தொழிலுக்கு வந்த நாலாவது வருஷம், பக்கத்து வீட்டுப் பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு மாம்பழ நிறப் பட்டுத் துணியை எடுத்து, படத்தைப் பார்த்து நேராக வெட்டிவிட்டேன். கைக்குழி முக்கால் இன்ச் கூடுதலாக இறங்கிவிட்டது. கைக்குழி ஆழமானால் கையைத் தூக்கும்போது சட்டை மொத்தமும் மேலே ஏறும். வெட்டிய பட்டை ஒட்டவா முடியும்? அந்தப் பிள்ளை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அன்று முழுக்கக் கையைத் தூக்காமலே நின்றாள். சாப்பாட்டுப் பந்தியில் அவள் தண்ணீர் டம்ளரைக்கூட முழங்கையை ஒட்டி வைத்துக்கொண்டு எடுத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு காடாவில் பார்க்காமல் புது வெட்டு எதையும் நான் வெட்டியதில்லை.

தென்காசியிலிருந்து ஒரு சகோதரி: ஷனேல் ஜாக்கெட் மாதிரி ஒன்று தைக்க ஆசை. நம் ஊர் வெயிலுக்குச் சரிப்படுமா?

கம்பளித் துணியில் தைத்தால் சரிப்படாது. வேலைப்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் அருமையாகச் சரிப்படும்.

15 வருஷம் மூடிக் கிடந்த தன் தையல்கூடத்தை 1954இல், 70 வயதில், பாரிஸ் உடை வடிவமைப்பாளர் ஷனேல் திரும்பத் திறந்தார். இந்த ஜாக்கெட் பேர் வாங்கியது அதற்குப் பிறகுதான். அதன் ரகசியம் உள்பக்கத்தில் இருக்கிறது. ட்வீட் என்பது இளக்கமாக நெய்த துணி, உருவம் நிற்காது. அதற்கு விறைப்பான கேன்வாஸ் வைக்காமல், லைனிங்கையே துணியோடு வரிவரியாகத் தைத்துவிட்டார்கள். சட்டை மாதிரி லேசாக இருக்கும், ஆனால் தொங்கிப்போகாது. கீழ் ஓரத்தில் உள்பக்கமாக ஒரு மெல்லிய சங்கிலி. அந்தப் பாரத்தில் ஜாக்கெட் நேராக விழும்.

நீங்கள் தடிமனான கைத்தறிப் பருத்தி எடுங்கள், சின்னக் கட்டம் இருந்தால் நல்லது. லைனிங்குக்கு மல்மல் என்ற மெல்லிய பருத்தி. இரண்டையும் நனைத்துக் காயவைத்த பிறகு வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக லைனிங்கோடு சேர்த்து, கட்டத்தின் கோட்டு மேலேயே ஒன்றரை இன்ச் இடைவெளியில் மேலிருந்து கீழாக மெஷின் ஓட்டுங்கள். கோட்டின் மேல் ஓடினால் தையல் வெளியே தெரியாது. எல்லா ஓரத்திலும் ஒன்றரை இன்ச் விட்டுத் தையலை நிறுத்த வேண்டும், இதில்தான் நிறையப் பேர் தவறிவிடுகிறார்கள். அந்த இடம் இருந்தால்தான் மேல்துணிகளை மட்டும் மெஷினில் இணைத்து, தையலை விரித்து அயர்ன் செய்து, லைனிங்கை அதன்மேல் மடித்துக் கைத்தையல் போட முடியும்.

சங்கிலியைக் கடைசியாக வைத்துத் தையுங்கள். துவைக்கும் முன் பிரித்து எடுத்துவிடுங்கள். உங்கள் பக்கம் சாரல் காலத்தில் ஈரத்துணியோடு கிடந்தால் பித்தளை கறுத்து, கறை துணியில் இறங்கிவிடும்.

மேலப்பாளையத்திலிருந்து: வெள்ளைக் கவுனில் சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டம், நடுவே கறுப்புக் கோடு. அந்த மாதிரி சுடிதார் டாப் வேண்டும். பிரிண்ட் துணி எங்கே கிடைக்கும்?

பிரிண்டைத் தேடாதீர்கள். அந்த உடையின் அழகே அது பிரிண்ட் இல்லை என்பதுதான். மோண்ட்ரியன் என்ற டச்சு ஓவியரின் படங்களைப் பார்த்து ஈவ் சான் லோரான் என்ற பாரிஸ் வடிவமைப்பாளர் 1965இல் செய்தது. ஒவ்வொரு கட்டமும் தனித் துண்டு, கறுப்புக் கோடும் தனிப் பட்டை. பார்த்தால் ஒரே தட்டையான படம் மாதிரித் தெரியும், போட்டால் உடம்புக்குப் பொருந்தும். ஏனென்றால் உடம்பின் வளைவுக்கான துணியை அந்தக் கோட்டுத் தையல்களுக்குள்ளேயே மறைத்துவிட்டார். டாட் கண்ணில் படாது. அதை முதலில் புரிந்துகொண்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

உங்களுக்குச் சரியாக இருக்கும் டாப்பின் பேட்டர்னைக் காகிதத்தில் எடுங்கள். படுக்கைவாட்டுக் கறுப்புக் கோடு ஒன்று மார்பின் உச்சி வழியாகப் போகும்படி வரையுங்கள். அந்தக் கோட்டில் பக்கத் தையலிலிருந்து மார்பு உச்சிவரை காகிதத்தை வெட்டி, பழைய டாட்டை மடித்து மூடினால், வெட்டிய கோடு வாய் திறக்கும். டாட் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். இனி எல்லாத் துண்டுகளையும் பிரித்து, சுற்றி அரை இன்ச் தையலுக்கு விட்டு வெட்டலாம். 1 இன்ச் கறுப்புக் கோடு தெரிய வேண்டுமென்றால் பட்டையை 2 இன்ச்சாக வெட்டுங்கள். குட்டைக் கோடுகளை முதலில் தைத்து, நீளக் கோடுகளைக் கடைசியில் இணையுங்கள்.

பாப்ளின் வெட்டுத்துண்டுகளே போதும். ஆனால் கறுப்பையும் சிவப்பையும் தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசுங்கள். வெள்ளையோடு தைத்தபின் சாயம் போனால் அத்தனை உழைப்பும் வீண்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு மதினி: உடம்போடு வழிகிற நீளக் கவுன் தைத்தேன். சாக்கு மாதிரி நிற்கிறது. மெலிந்த துணிதான் எடுத்தேன்.

நேர் நூலில் வெட்டியிருப்பீர்கள். கிராஸில் வெட்டுங்கள் மதினி. 1920களில் மதலேன் வியோனே என்ற பாரிஸ் பெண்மணி இந்த வெட்டில்தான் உடை முழுவதையும் தைத்தார். சின்ன மரப்பொம்மையில் துணியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துத்தான் வெட்டு முறையைக் கண்டுபிடிப்பாராம். நமக்கு இது புதிதில்லை. கிராஸ் கட் ரவிக்கை மார்பில் பிடித்து நிற்பதும் இதே காரணத்தால்தான்.

ஒரு கர்சீப்பைக் கையில் எடுங்கள். நேராக இழுத்தால் அசையாது. மூலைக்கு மூலை இழுத்தால் நெளிந்து கொடுக்கும். அந்த நெளிவுதான் உங்களுக்கு வேண்டியது. பாவுக்கும் (நீளவாட்டு நூல்) ஊடைக்கும் (குறுக்கு நூல்) நடுவே சரியாக 45 டிகிரி. துணி கூடுதலாகப் பிடிக்கும், அதற்குத் தயாராக இருங்கள். கழுத்தையும் தோளையும் நேர் நூலில் வெட்டிய மெல்லிய பட்டை வைத்துத் தைத்துவிட வேண்டும், இல்லையென்றால் இழுத்துக்கொண்டே போகும். கீழ் மடிப்பை உடனே போடாதீர்கள். உடையை ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஹேங்கரில் தொங்கவிடுங்கள். சில இடங்களில் இறங்கும், சில இடங்களில் இறங்காது. பிறகு போட்டுக்கொண்டு நின்று, தரையிலிருந்து ஸ்கேல் வைத்து வேறு யாரையாவது சாக்பீஸால் குறிக்கச் சொல்லுங்கள். கஞ்சி போட்ட பருத்தியோ கனமான பட்டோ இதற்கு ஆகாது. கிரேப், ஜார்ஜெட் நல்லது.

சேரன்மகாதேவியிலிருந்து: தோல் பட்டையைப் பின்னிச் செய்த இத்தாலியப் பை ஒன்று பார்த்தேன். அந்தச் சாயலில் பத்தமடைப் பாயில் பை தைக்கலாமா? ஒரு தடவை வெட்டினேன், ஓரமெல்லாம் பிரிந்துவிட்டது.

இந்தக் கேள்விக்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். போத்தேகா வெனெத்தா என்ற இத்தாலிய நிறுவனம் தோல் பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிப் பை செய்து உலகப் பேர் வாங்கியது. பின்னல் அழகைத் தேடி நீங்கள் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம், பக்கத்து ஊரில் இருக்கிறது.

பத்தமடைப் பாயில் பருத்தி நூல் பாவு, கீறிய கோரை ஊடை. வெட்டினால் கோரையைப் பிடித்திருக்கும் நூல் விட்டுப்போகிறது, அதனால்தான் பிரிந்தது. வெட்ட வேண்டிய கோட்டை வரைந்து, அதற்கு இரண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளி ஒவ்வொரு மெஷின் தையல் போடுங்கள். பிறகு நடுவில் வெட்டுங்கள். 16ஆம் நம்பர் ஊசி, தையல் நீளம் 4 மில்லிமீட்டர். நெருக்கித் தைத்தால் ஊசித்துளையே கோரையைக் கிழித்துவிடும். தைக்கும் முன் ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் கோரை இளகிக் கொடுக்கும். முழுக்கக் காய்ந்த பிறகு லைனிங் வையுங்கள், இல்லையென்றால் உள்ளே பூசணம் பிடிக்கும்.

இன்னொன்று, பையின் மடிப்பு கோரை ஓடும் திசையிலேயே வர வேண்டும். பாயைச் சுருட்டும் திசையை நினைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்திசையில் மடித்தால் கோரை முறிந்துவிடும். ஓரத்துக்குக் கிராஸ் பட்டை வைத்துப் பைப்பிங் கொடுங்கள். சுங்குடித் துண்டு வைத்து ஒன்று செய்தேன், என் மகள் இன்றும் அதைத்தான் தூக்கிக்கொண்டு போகிறாள்.

ஒரு தம்பி, தச்சநல்லூர்: பை தைத்து விற்கிறேன். பிரபல கம்பெனி முத்திரையை மேலே வைத்தால் நல்ல விலை போகிறது. தப்பா அக்கா?

தப்புதான் தம்பி. 1999ஆம் வருஷத்து வணிகச் சின்னச் சட்டப்படி குற்றம். பிடிபட்டால் சரக்கு மட்டும் போகாது, சிறைத் தண்டனைக்கும் இடமிருக்கிறது. சாய்கட்டமாக மெத்தைத் தையல் போடுவதும், சங்கிலி வைத்துத் தோளில் மாட்டுவதும் பொதுவான வேலைப்பாடுதான். அதற்காக ஒரு கம்பெனியின் பையை அச்சு அசலாக உரித்து வைத்து விற்காதே. பழகிக்கொண்டு, உன் அளவில், உன் துணியில் செய்து, உன் பேரைப் போடு. உன் தையல் நேராக இருக்கிறது, அதை நானே பார்த்திருக்கிறேன். வேறொருவர் பேருக்குப் பின்னால் ஏன் அதை ஒளிக்கிறாய்?

முக்கூடலிலிருந்து: பீடி சுற்றுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் தைக்கிறேன். பழைய கால் மெஷின்தான். ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் மெஷின் கிடையாது. இதில் இந்த மாதிரி உடையெல்லாம் வருமா?

தாராளமாக வரும். ஷனேலும் வியோனேயும் வேலை ஆரம்பித்த காலத்தில் வீட்டு ஓவர்லாக் எங்கே இருந்தது? பிரெஞ்சுத் தையல் பழகுங்கள். துணியின் நல்ல பக்கம் வெளியே தெரியும்படி வைத்துக் கால் இன்ச்சில் முதல் தையல். ஓரத்தை அரைக்கால் இன்ச்சாக நறுக்கி, உள்பக்கமாகத் திருப்பி, மறுபடி கால் இன்ச்சில் ஒரு தையல். பிசிறெல்லாம் உள்ளே அடைபட்டுவிடும். மல்மலுக்கு 11, சாதாரணப் பருத்திக்கு 14 நம்பர் ஊசி. பனியன் மாதிரி இழுபடும் துணியை மட்டும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

களக்காட்டிலிருந்து: இடுப்பு சிறுத்து, கீழே குடை மாதிரி விரியும் பாவாடை. எத்தனை மீட்டர் எடுக்க வேண்டும்?

1947 பிப்ரவரியில் பாரிஸ் வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் காட்டிய உருவம் அது. போரால் துணிக்குப் பங்கீடு இருந்த காலத்தில் அத்தனை துணியா என்று சிலர் சண்டைக்கே போனார்கள்.

கணக்கு எளிது. இடுப்பை 6.28ஆல் வகுங்கள். 28 இன்ச் இடுப்புக்கு நாலரை இன்ச், இதுதான் உள்வட்டத்தின் ஆரம். அதோடு 30 இன்ச் உயரமும் 1 இன்ச் மடிப்பும் சேர்ந்தால் வெளிவட்டத்தின் ஆரம் 35½. பாவாடையை இரண்டு அரைவட்டமாக வெட்டி இணைக்க வேண்டும். 44 இன்ச் பன்னா (அகலம்) உள்ள துணியில் ஓர் அரைவட்டத்துக்கு 71 இன்ச் நீளம், இரண்டுக்கு 142. இடுப்புப் பட்டியும் சேர்த்து 4 மீட்டர் வாங்குங்கள். இடுப்பு வட்டத்தைக் கோட்டுக்கு அரை இன்ச் உள்ளேயே வெட்டுங்கள், தையலுக்கு வேண்டும். இதற்கும் ஒரு நாள் தொங்கவிட்ட பிறகுதான் கீழ் மடிப்பு. விரிப்புக்கு நெட் வைத்தால் நம் ஊர் வியர்வையில் காலைக் குத்தும். கஞ்சி போட்ட பருத்தி உள்பாவாடை ஒன்றின் கீழ்ப்பாதியில் இரண்டு சுற்று ஃப்ரில் வைத்துப் பாருங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து: இஸ்ஸே மியாகே மடிப்புத் துணி மாதிரி பருத்தியில் செய்ய முடியுமா?

ஒரு துவைப்புக்கு மேல் நிற்காது. மியாகே ஜப்பானிய வடிவமைப்பாளர். அவர் எடுத்தது பாலியஸ்டர், சூட்டில் பிடித்த மடிப்பை அது விடாது. உடையைப் பல மடங்கு பெரிதாகத் தைத்த பிறகு, காகிதத்துக்கு நடுவே வைத்துச் சூட்டில் அழுத்துகிறார்கள். பருத்திதான் வேண்டுமென்றால் ஒவ்வொரு மடிப்பின் விளிம்பிலும் ஒரு தையல் ஓட்டுங்கள், பொறுமை இருந்தால்.

வீரவநல்லூரிலிருந்து: ஆச்சியின் சேலை இருக்கிறது. வெட்டி ஜாக்கெட் தைக்க ஆசை, கை நடுங்குகிறது.

நடுங்கட்டும், அவசரமில்லை. முதலில் சேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து முழு நீளமும் பாருங்கள். மடிப்பு விழுந்த இடங்களில் கண்ணாடி மாதிரித் தெரிந்தால் அங்கே நூல் தேய்ந்துவிட்டது. இரண்டு கட்டைவிரலையும் ஒட்டி வைத்து லேசாக இழுங்கள். பட்டென்று விட்டால் அந்தச் சேலையை வெட்டாதீர்கள், வெட்டினாலும் தையல் பிடிக்காது. பலமாக இருந்தால், கொசுவம் வரும் பக்கத்திலிருந்து மட்டும் துணி எடுங்கள். பின்னால் மல்மல் வைத்து, மேலே ஷனேல் ஜாக்கெட்டுக்குச் சொன்ன மாதிரியே வரிவரியாகத் தைத்துவிட்டால் பழைய துணிக்கு அதுவே தாங்கல். முந்தானையைத் தொடாமல் மடித்து வையுங்கள். காடாவில் முதலில் தைத்து, போட்டுப் பார்த்து, அதை என்னிடம் கொண்டு வாருங்கள். அளவு சரிதானா என்று பார்த்துவிட்டுச் சேலையை இரண்டு பேரும் சேர்ந்தே வெட்டலாம்.